சிட்டிகை மஞ்சளே போதும்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எந்தக் குப்பத்துக்குப் போனாலும் மீன் கழுவும் முறை ஒன்றுதான். செதிள் சீவி, செவுளும் குடலும் எடுத்து, கல்லுப்பும் மஞ்சள் தூளும் போட்டுப் பிசறி, தண்ணீர் தெளியும்வரை அலசுவார்கள். எதற்கு மஞ்சள் என்று கேட்டால், கவிச்சி போக என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது, தேவையும் இல்லை. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவரையும் சனி ஞாயிறில் சென்னையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரும் இளைஞர்களையும் நம்பி நடக்கும் உணவகங்களில் ‘டர்மெரிக் லாட்டே’ விற்கிறார்கள். சூடான பாலில் மஞ்சளும் மிளகும்தான். சளி பிடித்தபோது பாட்டி காய்ச்சிக் கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவர்கள், கண்ணாடிக் குவளையில் வந்ததும் அதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். போடட்டும். பாலும் மஞ்சளும் யார் குடியையும் கெடுத்ததில்லை.

என் கவலையெல்லாம் மருந்துக்கடை அலமாரியில் இருக்கும் மஞ்சளைப் பற்றியது. ‘குர்குமின் 95 சதவீதம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட குப்பிகள் செங்கல்பட்டு, தாம்பரம் கடைகளில் முன்வரிசைக்கு வந்துவிட்டன. மூட்டுவலி, சர்க்கரை, மறதி, புற்றுநோய் என்று அவற்றை வாங்குகிறவர்கள் சொல்லும் காரணங்களுக்குக் கணக்கில்லை. மருத்துவர் சீட்டு வேண்டாம். இயற்கைதானே, என்ன செய்துவிடப் போகிறது என்கிற நம்பிக்கை போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் அருமையான சமையல் பொருள். மேற்பூச்சாக ஓரளவு உதவும். மாத்திரையானால் பெரும்பாலோருக்குப் பணம் நஷ்டம், சிலருக்கு ஈரல் நஷ்டம். இப்படிச் சொன்னால் பாரம்பரியத்துக்கு எதிரி என்று முத்திரை விழும். மஞ்சளைச் சிட்டிகைக் கணக்கில் வைத்திருந்ததே அந்தப் பாரம்பரியம்தான்.

வெளியூர்ச் சரக்கு

செங்கல்பட்டு நெல் நாடு. மதுராந்தகம் ஏரியும் பாலாறும் பாய்ந்த மண். கரையோரமாகப் போனால் உப்பளம், தென்னை, சவுக்கு. மஞ்சளோ எட்டு ஒன்பது மாதம் நிலத்தில் கிடக்க வேண்டிய பயிர். தண்ணீர் பாய வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. கடலோர மணல் அதற்குத் தோதுப்படாது. நம் குழம்பில் விழும் மஞ்சள் ஈரோட்டுப் பக்கமிருந்தோ சேலத்துப் பக்கமிருந்தோ வருவதுதான். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2022-23இல் நாடு முழுக்க 3.24 லட்சம் ஹெக்டேரில் 11.61 லட்சம் டன் மஞ்சள் விளைந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. உலக உற்பத்தியில் இது முக்கால் பங்குக்கு மேல். தேசிய மஞ்சள் வாரியத்தை 2025 ஜனவரி 14 அன்று, அதாவது பொங்கல் நாளில், தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் திறந்தார்கள். ஈரோட்டில் வைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். அது வேறு கதை.

தோண்டியெடுத்த கிழங்கை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவைத்து, உருளையில் போட்டுச் சுற்றி மெருகேற்றுவார்கள். நூறு கிலோ பச்சைக் கிழங்கு காய்ந்தால் இருபது கிலோவையொட்டி நிற்கும். தோல் உரிந்து பளபளவென்று வரும் அந்த மெருகுக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

குழம்புக்குள் நடப்பது

இந்தக் கரையின் சமையலில் மஞ்சள் தனி ருசிக்காகப் போடப்படுவதில்லை. துவரம்பருப்பு வேகும்போது ஒரு சிட்டிகை, பொரியலில் ஒரு சிட்டிகை, மீனைக் கழுவும்போது கொஞ்சம், வஞ்சிரத் துண்டில் மிளகாய்த்தூளோடு பிசற ஒரு சிட்டிகை. மீதி மஞ்சள் குழம்பு மிளகாய்த்தூளுக்குள் ஒளிந்திருக்கும். சித்திரை வெயிலில் மிளகாயும் தனியாவும் மொட்டை மாடியில் காய்ந்த பிறகு, பருப்பு வகை, மிளகு, சீரகம், வெந்தயத்தோடு விரலி மஞ்சளைச் சேர்த்து மில்லுக்குக் கொண்டுபோவார்கள். கிலோ மிளகாய்க்கு நூறு கிராம் விரலி மஞ்சள் என்பது பல வீடுகளின் கணக்கு. விரலியை அப்படியே போட்டால் அரைபடாமல் துள்ளும் என்பதால், வீட்டிலேயே உரலில் நாலாக உடைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

சுறாப் புட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பால் சுறாவை மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, மறுபடியும் உப்பும் மஞ்சளும் பிசறி வைப்பார்கள். பூண்டை நிறையத் தட்டிப் போட்டு, இஞ்சி, பச்சை மிளகாய், வெங்காயத்தோடு தாளித்தால் வெள்ளைச் சதை முழுக்கப் பொன்னிறமாகும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று கொடுப்பது வழக்கம். பால் ஊறுகிறதோ இல்லையோ, பிரசவித்த உடம்புக்கு அவ்வளவு புரதம் போய்ச் சேர்வது நல்ல காரியம். இந்தச் சமையலில் மஞ்சளை எடுத்துவிட்டால் சுறாவின் வாடை ஊரைக் கூட்டிவிடும்.

மஞ்சளின் நிறமும் அதன் புகழும் குர்குமின் என்ற பொருளால் வந்தவை. சாதாரண மஞ்சளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு போல இருக்கும். ரகத்தைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வெளிச்சம் அதற்கு ஆகாது. சாம்பார் சிந்திய வெள்ளை வேட்டியைத் துவைத்து வெயிலில் போட்டால் மாலைக்குள் கறை மங்கிப்போவது இதனால்தான். மஞ்சள் தூளைக் கண்ணாடிப் புட்டியில் ஜன்னலோரம் அழகுக்கு வைக்காமல் மூடிய டப்பாவில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். நெருப்பும் அதைக் குறைக்கும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சமைக்கும்போது மஞ்சளின் குர்குமினில் 27 முதல் 53 சதவீதம் வரை போய்விடுகிறது என்று கண்டது. பிரஷர் குக்கரில் இழப்பு அதிகம். புளி சேர்த்துக் கொதிக்கவைத்தபோது இழப்பு 12 முதல் 30 சதவீதத்துக்குள் நின்றது. மாமல்லபுரத்து மீன் குழம்பு புளியும் எண்ணெயும் மிதக்க மிதக்க வைக்கப்படுவது குர்குமினைக் காப்பாற்றுவதற்காக இல்லை. ஆனாலும் காப்பாற்றுகிறது.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எல்லாப் பதார்த்தத்துக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, மூன்று கிராம் மஞ்சள் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் குர்குமின் 90 மில்லிகிராம். சமையலில் மூன்றில் ஒரு பங்கு போனால் 60. ஆளுக்கு 15 மில்லிகிராம். குப்பியில் வரும் மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம். ஒரு மாதத்துக்கு மேல் சாப்பாட்டில் போக வேண்டியதை ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்குகிறோம். சிலர் இரண்டு வேளை.

மஞ்சள் கூடினால் குழம்பு கசக்கும். மருந்து வாடை அடிக்கும். சாப்பிடுகிறவர் தட்டை ஒதுக்குவார். அளவு மீறாமல் நாக்கு காவல் காத்தது. மாத்திரை அந்தக் காவலைத் தாண்டிப் போகிறது. உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, குர்குமினுக்கு ஒரு நாளைய ஏற்பளவாகக் கிலோ உடல் எடைக்கு 3 மில்லிகிராம் வரை வைத்திருக்கிறது. அறுபது கிலோ ஆளுக்கு 180. வீட்டுச் சாப்பாட்டில் எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் அந்த எல்லையைத் தொடுவது கடினம். ஒரு மாத்திரை அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல்.

ஒட்டாத மருந்து

குர்குமினை விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். குடலிலும் ஈரலிலும் அதை மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது உடம்பு. பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை எல்லாக் குப்பிகளின் விளம்பரத்திலும் வேறு வேறு வடிவில் வருகிறது. இரண்டு கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கண்டுபிடிப்பதே சிரமமாக இருந்தது. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராமைச் சேர்த்தபோது அது 2,000 சதவீதம் கூடியது. இந்த எண்ணைக் கேட்டால் வாய் பிளக்கத் தோன்றும். ஏறக்குறைய ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்று விளம்பரம் சொல்வதில்லை. அதுவும் சீக்கிரமே வடிந்துவிட்டது.

2017இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் நெல்சனும் சக ஆய்வாளர்களும், குர்குமினைப் பற்றிய வேதியியல் ஆய்வுகளைத் திரட்டி ஒரு நெடுங்கட்டுரை எழுதினார்கள். 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாக நடத்திய சோதனை எதிலும் அது தேறவில்லை என்பது அவர்கள் முடிவு. சோதனைக்குழாயில் அது எல்லா நோய்க்கும் வேலை செய்வதுபோல் தெரிவதற்குக் காரணம், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டிக்கொண்டு கருவியை ஏமாற்றும் அதன் குணம் என்றார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற புற்றுநோய் மையம் ஒன்றிலிருந்து வந்த குர்குமின் ஆய்வுக் கட்டுரைகள் பல, படங்களில் கோளாறு என்று பின்னர் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை மேற்கோள் காட்டி எழுதப்பட்ட விளம்பரங்களை யாரும் திரும்பப் பெறவில்லை.

எல்லாமே பொய் என்று சொல்லவும் முடியாது. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான சோதனையில், மஞ்சள் சத்து நாலு வாரத்தில் இபுப்ரூஃபன் அளவுக்கு வலியைத் தணித்தது. அதே நாட்டில் 2023இல் வெளியான இன்னொன்று, செரிமானக் கோளாறுக்கு ஒமிப்ரசோல் மாத்திரைக்குச் சமமாகக் குர்குமின் வேலை செய்ததாகக் கண்டது. இரண்டிலும் போலி மாத்திரைக் குழு இல்லை என்பது குறை. மூட்டுவலிக்கும் வயிற்று மந்தத்துக்கும் ஏதோ இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் போகச் சான்று விடாது.

இனி ஈரல். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவமனைக் கூட்டமைப்பு 2022இல் மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட பத்துப் பேரைப் பற்றி எழுதியது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அந்த மரபணு இருக்கிறதா என்று மாத்திரை வாங்கும்போது யார் பார்க்கிறார்கள்? இத்தாலியில் 2019இல் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு ஈரல் அழற்சி வந்து, குப்பிகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றானது. ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023இல் எச்சரித்தது. இவை கோடியில் சிலருக்கு வரும் கேடு என்று ஒதுக்கலாம். ஆனால் பலன் நிச்சயமில்லாத ஒன்றுக்காக அந்தச் சிறு கேட்டையும் எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? ஆபத்தைக் கூட்டுவது மிளகுச் சாரம் சேர்த்து உறிஞ்சலை அதிகமாக்கிய மாத்திரைகளாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். அதிக விலைக்கு விற்பதும் அவைதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் பித்தப்பையில் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் குப்பிகளைத் தொடக்கூடாது.

சித்த மருத்துவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். கொரோனா காலத்தில் மஞ்சள் பாலுக்கு அரசின் ஆயுஷ் அமைச்சகமே செய்முறை சொன்னது: 150 மில்லி சூடான பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள். அது சாப்பாட்டு அளவுக்குள் அடங்குகிறது. அப்போது ஊரெல்லாம் குடித்த கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்கில் மஞ்சள் கிடையாது என்பதையும் கவனிக்கலாம். எதை எங்கே சேர்ப்பது, எங்கே விடுவது என்ற தெளிவு அந்த மருத்துவத்துக்கு இருக்கிறது. குப்பி வியாபாரத்துக்குத்தான் இல்லை. இந்த மாவட்டத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் 2005இலிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. செங்கல்பட்டில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சமையல் மஞ்சளை வைத்து, போலி மாத்திரைக் குழுவோடு, மூட்டுவலிக்கு ஒரு நேர்மையான சோதனையை இந்த இரண்டும் சேர்ந்து நடத்தினால் தாய்லாந்தைப் பார்த்து நாம் எழுத வேண்டியிருக்காது.

காயமும் முள்ளும்

1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை வாங்கியது. நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையில் இருந்தபோது, 32 ஆவணங்களைக் கொண்டுபோய் வழக்காடியது. பழைய நூல்களோடு, 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் அதில் இருந்தது. 1997 ஆகஸ்டில் அந்தக் காப்புரிமை ரத்தானது. நியாயமான வெற்றி. அதன் தொடர்ச்சியாகத்தான் பாரம்பரிய அறிவுக்கான மின்னூலகம் உருவானது. ஆனால் அந்த வழக்கில் நிரூபணமானது, மஞ்சளைக் காயத்தில் போடும் பழக்கம் புதிதில்லை என்பது மட்டும்தான். எவ்வளவு ஆற்றும் என்பது அங்கே கேள்வியே இல்லை. வென்ற மகிழ்ச்சியில் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டோம்.

சிராய்ப்புக்கு மஞ்சள் போடுவதில் பெரிய தீங்கில்லை. தூள் சுத்தமாக இருந்தால், கழுவிய காயமாக இருந்தால். சர்க்கரை நோயாளியின் காலில் வந்த புண்ணில் மஞ்சளை அப்பிக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தால் விரல் போகும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் மஞ்சள் வைக்கவே கூடாது. அதைச் சுத்தமாகவும் உலர்வாகவும் விடுவதுதான் மருத்துவம். தீக்காயத்துக்குப் பத்து இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். மஞ்சள் அப்பினால் காயத்தின் ஆழம் மருத்துவருக்குத் தெரியாமல் போகும்.

கடலோரத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. வலையைக் கழிக்கும்போது திருக்கையின் வால் முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால் உயிர் போகிற வலி. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடுவது பழக்கம். அந்த நஞ்சு சூட்டுக்கு அடங்குவது. தோல் வேகாமல் தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, குத்துப்பட்ட கையையோ காலையோ அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி இறங்கும். உடைந்த முள் உள்ளே நின்றிருக்கலாம் என்பதால் பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். கொக்கிலமேட்டிலும் புதுப்பட்டினத்திலும் படகு வந்து ஏறுகிற இடங்களில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பது கிலோக்கணக்கில் மஞ்சளைவிட உபயோகம்.

எதற்கு எது மருந்து என்ற தெளிவை இந்தக் கரையில் இருளர்களிடம் பார்க்கலாம். மாசி மக நிலவில் அவர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். சேலையைக் கட்டிக் கூடாரமாக்கி, விடியலில் கன்னியம்மனைக் கும்பிட்டு, மணலிலேயே காதுகுத்தும் நிச்சயமும் கல்யாணமும் முடிப்பார்கள். அங்கே கட்டும் மஞ்சள் கயிற்றுக்கு ஆய்வுச் சான்று கேட்பவன் அறிவிலி. மூலிகை தெரிந்த மக்கள்; திருக்கழுக்குன்றம் பக்கம் தண்டரையில் இருளர் பெண்களின் சங்கம் மூலிகைத் தோட்டமே வைத்திருக்கிறது. ஆனால் பாம்புக் கடிக்கு அவர்கள் உலகுக்குக் கொடுத்தது மூலிகையை இல்லை, நஞ்சை. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலின் நஞ்சையும் எடுத்துக் கொடுக்கிறது. நாட்டின் விஷமுறிவு ஊசி அதிலிருந்துதான் பெருமளவு தயாராகிறது. அந்தத் தொழிலைச் செய்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடித்த இடத்தில் மஞ்சளைப் பூசிக்கொண்டு நேரத்தைக் கடத்துகிறவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

மெருகுக்குள் ஈயம்

மாத்திரையைவிட அதிகம் பேரைத் தொடுகிற ஒரு ஆபத்து தூளில் இருக்கிறது. மெருகேற்றும் கட்டத்தைச் சொன்னேன் அல்லவா? மழையில் நனைந்தோ பூச்சி விழுந்தோ மங்கிய கிழங்கை விற்கச் சிலர் ஈயக் குரோமேட் என்ற பளிச்சென்ற மஞ்சள் சாயத்தை உருளையில் சேர்க்கிறார்கள். பெயின்டில் போடுகிற பொருள். வங்கதேசத்தில் 1980களின் வெள்ளத்துக்குப் பிறகு இது பரவியது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று துருவிய ஆய்வாளர்கள் கடைசியில் வந்து நின்றது சமையலறை மஞ்சளில். 2019இல் அந்த நாட்டு அரசு விழித்துக்கொண்டது. மொத்தச் சந்தையில் சோதனை, வியாபாரிகளுக்கு அபராதம், பத்திரிகைகளில் எச்சரிக்கை, கையடக்க எக்ஸ்ரே கருவி கொண்டு அங்கேயே பரிசோதனை. சந்தை மாதிரிகளில் ஈயம் இருந்தவை 2019இல் 47 சதவீதம், 2021இல் ஒன்றுமில்லை. இரண்டே வருடம்.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாள நகரங்களில் 2020-21இல் வாங்கிய 356 மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 2024இல் வந்தது. 14 சதவீதத்தில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். பாட்னா, கராச்சி, பெஷாவரில் ஆயிரத்தைத் தாண்டியவையும் இருந்தன. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 10. பொட்டலமாக வந்தவற்றில் குறைவு, உதிரியாக விற்றவற்றில் அதிகம். விரலியாக வாங்கி நாமே அரைத்துக்கொண்டால் தப்பலாம் என்று பலரும் நினைக்கிறோம். கலப்படம் முழுக் கிழங்கின் மேலேயே நடக்கும்போது அது முழுப் பாதுகாப்பாகாது. வாங்கும்போது ஒரு விரலியை ஈரக் கையில் தேய்த்துப் பாருங்கள். பளிச்சென்று மஞ்சள் ஒட்டினால், மேல்புறம் உள்புறத்தைவிட மினுங்கினால், அதை வைத்துவிடுங்கள். சாயமில்லாத விரலி பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரில் தூளைப் போட்டால் நல்ல மஞ்சள் வெளிறிய நிறத்தோடு அடியில் படியும். சாயம் கலந்தது தண்ணீரை அடர்த்தியாக நிறமாக்கும் என்கிறது ஆணையத்தின் வீட்டுச் சோதனை. கரையாத ஈயச் சாயம் இந்தச் சோதனையில் தப்பிக்கலாம் என்பதால் ஆய்வுக்கூடத்தின் வேலையைக் குவளை செய்துவிடாது.

ஈயம் மூளையைக் கெடுக்கும். குழந்தைகளின் மூளையை அதிகமாக, திரும்பச் சரிசெய்ய முடியாதபடி. சத்துணவுக் கூடத்திலும் அங்கன்வாடியிலும் காலை உணவுத் திட்டத்திலும் அவர்கள் தினமும் சாம்பார் சாப்பிடுகிறார்கள். அந்தச் சமையலறைகளில் தவறு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்பதைப் பார்த்துச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்கிறேன். 2022 பொங்கல் தொகுப்பில் கொடுத்த 21 பொருள்களில் மஞ்சள் தூளும் ஒன்று; அரசே மஞ்சள் கொள்முதல் செய்கிற மாநிலத்தில் அதைச் சோதிப்பது புதிய வேலையும் இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஒரு கையடக்கக் கருவி வாங்கினால் போதும். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் மளிகைக் கடைகளுக்கும், மிளகாய் மில்களுக்கும், சத்துணவுக் கிடங்குகளுக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் அதை எடுத்துக்கொண்டு போகலாம். எந்தக் கடை, எந்தப் பொட்டலம், எவ்வளவு ஈயம் என்ற முடிவை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒட்டலாம். புது மஞ்சள் மாசியிலும் பங்குனியிலும் ஈரோட்டுச் சந்தைக்கு வந்து, சித்திரையில் நம் மில்களுக்கு வந்து சேர்கிறது. வருடத்துத் தூளை வீடுகள் மொத்தமாக அரைத்து வைப்பது அப்போதுதான். சோதனையை அந்த மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஆடியில் வந்து பார்த்தால் தூள் டப்பாக்களில் பாதி காலியாகியிருக்கும்.